51 வயதில் முழுநேர ஓவியர்: ஹெய்ட்டியின் எக்டர் இப்போலித் – ஒரு நிகழ்வு ஆய்வு

எக்டர் இப்போலித் 1894இல் ஹெய்ட்டியின் மேற்குக் கரையிலுள்ள சேன்-மார்க் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். 1948 ஜூனில் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் இறந்தார். 53 ஆண்டு வாழ்க்கையில் ஓவியத்தை மட்டுமே நம்பி அவர் வாழ்ந்தது கடைசி இரண்டரை ஆண்டுகள், மிஞ்சினால் மூன்று ஆண்டுகள். அந்தக் குறுகிய காலத்தில் குறைந்தது 250 படங்கள் வரைந்தார். 600 வரை இருக்கும் என்று கணக்கிடுவோரும் உண்டு.

ஓவியப் பள்ளிக்கே போகாத ஒருவர் இந்த இடத்துக்கு வந்ததை இரண்டு வரியில் சொல்லி முடிப்பது வழக்கம்: ஓர் அமெரிக்கர் மதுக்கடைக் கதவு ஒன்றைப் பார்த்தார், உள்ளே ஒளிந்திருந்த மேதையைக் கண்டுபிடித்தார். அவர் கதவைப் பார்த்தது உண்மைதான். ஆனால் அதற்கும் கதவுக்கு வண்ணம் பூசியவர் தலைநகருக்கு வந்து சேர்ந்ததற்கும் நடுவே இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. அதற்கும் முன்னால் இருப்பது ஏறக்குறைய முப்பது ஆண்டு உழைப்பு. ஆகவே இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 1925இல் நடக்காதது 1945இல் எப்படி நடந்தது?

கை பழகிய இடங்கள்

இப்போலித் செருப்பு தைத்தார், வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தார். மூன்றாம் தலைமுறை ஹூங்கானும் அவர்தான், அதாவது ஆப்பிரிக்க வேர்கொண்ட ஹெய்ட்டிய சமயமான வோடூவின் பூசாரி. 1915 முதல் 1934 வரை ஹெய்ட்டி அமெரிக்கப் படைகளின் ஆக்கிரமிப்பில் இருந்தது. அந்த ஆண்டுகளில் சிறு படங்கள் வரைந்து அமெரிக்கக் கடற்படை வீரர்களுக்கு விற்றதாகவும் பதிவு உண்டு. 1915 முதல் 1920 வரை நாட்டுக்கு வெளியே இருந்தார். கியூபாவுக்கும் நியூயார்க்குக்கும் போனார். அந்த ஐந்து ஆண்டும் தாம் ஆப்பிரிக்காவில், தஹோமியிலும் (இன்றைய பெனின்) எத்தியோப்பியாவிலும் இருந்ததாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டார். ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்பதில்லை. வாங்க வருபவர்களின் மனத்தில் பதிவதற்காக அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட வரலாறு என்கிறார்கள். அப்படியே இருக்கட்டும். தன் படத்தோடு தன் கதையும் சேர்ந்துதான் விலைபோகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தத் தொழில்கள் ஒவ்வொன்றும் அவர் கைக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தன. முதலாவது, எனாமல் பெயின்டைக் கையாளும் பழக்கம். குழாயில் வரும் எண்ணெய் வண்ணம் நாள்கணக்கில் ஈரமாக இருக்கும். ஒரு நிறத்தை இன்னொன்றில் குழைத்து, திருத்தி, மறுநாளும் தொடரலாம். எனாமல் அப்படி இடம்கொடுக்காது. சில மணி நேரத்தில் மேலே ஏடு கட்டிவிடும். பாதி காய்ந்த இடத்தில் மறுபடி தூரிகை பட்டால் இழுத்த தடம் விழும், கீழே உள்ள பூச்சும் பெயர்ந்து வரும். அதனால் எனாமலில் வரைபவர் உருவத்தின் எல்லையை முன்கூட்டியே முடிவுசெய்து, அதற்குள் ஒரே மூச்சில் நிரப்பிவிட்டு, கையை எடுத்துவிட வேண்டும். இப்போலித்தின் படங்களில் நிறம் குழையாமல் பரப்புப் பரப்பாக நிற்பதையும், ஒவ்வொரு உருவமும் தெளிவான விளிம்போடு தனித்து நிற்பதையும் பார்த்தவர்கள், பயிற்சி இல்லாததால் வந்த எளிமை என்று எழுதினார்கள். சுவருக்கும் கதவுக்கும் ஆண்டுக்கணக்கில் வண்ணம் பூசிய கை அந்தப் பொருளின் குணத்துக்கு இணங்கி நடந்தது என்று பார்ப்பதே சரி.

இரண்டாவது, வேவே. வோடூச் சடங்கு தொடங்கும் முன், அழைக்கப்படும் தெய்வத்துக்குரிய வடிவத்தை ஹூங்கான் தரையில் வரைவார். நம் வாசல் கோலத்தைப் போலவே, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே மாவை ஒழுகவிட்டு இழுக்கும் கோடு அது. அங்கே பெரும்பாலும் சோளமாவு. நடு அச்சு ஒன்று, அதன் இருபுறமும் ஒத்த வடிவங்கள். எர்சூலிக்கு இதயம், ஓகூவுக்கு வாள், தம்பாலாவுக்குப் பாம்பு, அக்வேவுக்குக் கப்பல். கோடு போட்ட பிறகு அழிக்க முடியாது, நிறுத்தி நிறுத்தி இழுக்கவும் முடியாது. ஒரு சமபரப்பை எப்படிப் பங்கிடுவது, நடுவில் எதை வைப்பது, மூலைகளில் எதை நிரப்புவது என்பதெல்லாம் இப்படி வரைந்து பழகியவருக்குப் புதிதல்ல. அவர் படங்களில் தெய்வம் நேர்முகமாக நடுவில் நிற்க, மலரும் பறவையும் இருபுறமும் சமமாக அமைவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறோம்.

இதோடு கத்தோலிக்கப் புனிதர்களின் மலிவான வண்ண அச்சுப்படங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வோடூ கோவில்களில் ஓகூவுக்குப் புனித யாக்கோபின் படமும், தம்பாலாவுக்குப் பாம்புகளோடு நிற்கும் புனித பேட்ரிக்கின் படமும் மாட்டப்பட்டிருக்கும். ஐரோப்பிய உருவ ஓவியத்தின் சட்டகம் அவருக்கு வந்துசேர்ந்தது அருங்காட்சியகம் வழியாக அல்ல, இந்த அச்சுத்தாள்கள் வழியாக.

கதவு, மையம், இரண்டு ஆண்டுகள்

டெவிட் பீட்டர்ஸ் அமெரிக்கர், நீர்வண்ண ஓவியர். ஆங்கிலம் கற்பிக்க 1943இல் ஹெய்ட்டி வந்தார். சேன்-மார்க்குக்கும் தலைநகருக்கும் இடைப்பட்ட கரையோர ஊரான மோன்ரூயியில் ஒரு மதுக்கடைக் கதவு அவர் கண்ணில் பட்டது. கதவில் பூக்களும் பறவைகளும். மேலே ‘இசி லா ரெனசான்ஸ்’ (இங்கே மறுமலர்ச்சி) என்று கடையின் பெயர். யார் வரைந்தது என்று அப்போது தெரியவில்லை. 1944 மே 14 அன்று, ஹெய்ட்டி அறிவாளர்கள் சிலரோடு சேர்ந்து, போர்ட்-ஓ-பிரின்ஸில் ‘சாந்த்ர் தார்’ என்ற கலை மையத்தைத் திறந்தார். அதற்கும் பிறகு, 1945இல்தான் எழுத்தாளர் பிலிப் தோபி-மார்சலின் வழியாக இப்போலித் மையத்துக்கு வந்துசேர்ந்தார். தோபி-மார்சலின் ஹெய்ட்டியர், நாட்டுப்புற வாழ்க்கையை எழுதியவர். கதவைக் கண்டவர் வெளிநாட்டவர் என்றாலும், ஆளைக் கண்டு அழைத்துவந்ததில் உள்ளூர் மனிதரின் பங்கு பெரிது. இதைச் சொல்லாமல் விடும் கட்டுரைகள் ஏராளம்.

1943இல் பீட்டர்ஸ் அவரைக் கையோடு அழைத்து வந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. மையம் இல்லை, படத்தை வாங்கி வைக்கவோ மாட்டி விற்கவோ இடம் இல்லை. பாராட்டு கிடைத்திருக்கும். மறுநாள் அவர் மறுபடி கதவுக்கு வண்ணம் பூசப் போயிருப்பார்.

விலகிய தடைகள்

தடைகளில் மிகப் பெரியது பணமல்ல. 1941–42இல் கத்தோலிக்கத் திருச்சபை, குடியரசுத் தலைவர் எலி லெஸ்கோ அரசின் துணையோடு, ‘மூடநம்பிக்கை ஒழிப்பு’ என்ற பெயரில் வோடூவுக்கு எதிராகப் பெரும் இயக்கம் நடத்தியது. கோவில்கள் இடிக்கப்பட்டன, முரசுகளும் வழிபாட்டுப் பொருள்களும் குவித்து எரிக்கப்பட்டன, வோடூவைக் கைவிடுவதாக மக்களிடம் சத்தியம் வாங்கப்பட்டது. ஒரு ஹூங்கானுக்கு அந்த ஆண்டுகள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். கதவில் பூவும் பறவையும் வரைந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கடல்தெய்வம் லா சிரேனையோ ஓகூவையோ வரைந்து வெளியே மாட்ட முடியுமா?

அதே ஆண்டுகளில் எதிர்த் திசையிலும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆக்கிரமிப்புக் காலத்திலிருந்தே ழான் பிரைஸ்-மார்ஸ் போன்ற ஹெய்ட்டிய அறிஞர்கள் உழவர்களின் நம்பிக்கைகளையும் கதைகளையும் நாட்டின் செல்வமாகப் பார்க்கச் சொல்லிவந்தார்கள். 1941இல் எழுத்தாளர் ஜாக் ரூமேன் இனவியல் அலுவலகத்தை நிறுவினார். எரிக்கப்படும் பொருள்களில் எஞ்சியதைக் காப்பாற்றுவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. இந்த இரண்டு இழுப்புகளுக்கு நடுவில்தான் 1944இல் கலை மையம் திறந்தது. தெய்வங்களைப் பெயர் சொல்லி வரைந்து, தலைநகரின் நடுவில் மாட்டி, விற்கவும் முடிகிற ஓர் இடம் அப்படி உருவானது. இப்போலித்துக்குத் தெரிந்த ஆழமான விஷயம் அதுதான். அதை வரைய இடம் கிடைத்த பிறகே அவர் படங்கள் கதவு அலங்காரத்திலிருந்து வேறொன்றாக மாறின.

இன்னொரு தடை அவருக்குள்ளேயே இருந்தது. ஹூங்கான் என்பது வருமானம் தரும் பொறுப்பு: நோய் தீர்க்க, சடங்கு நடத்த, ஆலோசனை கேட்க ஆள் வருவார்கள். ஊரில் மதிப்பும் அதனால்தான். ஓவியத்துக்காகப் பூசாரி வேலையைச் சில காலம் நிறுத்திவைக்கத் தெய்வங்களிடம் அனுமதி கேட்டதாகவும், அவை இசைந்ததாகவும் இப்போலித் சொன்னது பதிவாகியிருக்கிறது. வேலையை விட்டுவிட்டுக் கலைக்கு வருவது என்று நாம் சாதாரணமாகச் சொல்வது, அவரைப் பொறுத்தவரை இப்படியொரு விண்ணப்பமாக இருந்தது. அவர் பூசாரிப் பொறுப்பை உதறவில்லை; விடுப்பு எடுத்தார். திரும்பிப் போக ஒரு வழியை வைத்துக்கொண்டே முழுநேரத்துக்கு வந்தார். முழுநேரக் கலைஞராக விரும்பும் எவரும் இந்த ஏற்பாட்டைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

பொருளும் கணக்கும்

கலை மையத்துக்கு வருமுன் அவரிடம் இருந்தவை வேலையில் மிஞ்சிய எனாமல், கோழி இறகால் ஆன தூரிகை, தம் விரல்கள். இறகு குறைவாகவே வண்ணம் பிடிக்கும், நீண்ட கோட்டுக்கு உதவாது. ஆனால் அழுத்தித் தூக்கினால் ஒரே தொடுகையில் இலையோ இதழோ விழும். மையத்துக்கு வந்தபின் பலகையும் அட்டையும் வண்ணமும் தூரிகையும் கிடைத்தன. எனாமலை அவர் விட்டுவிடவில்லை. நியூயார்க் நவீன ஓவிய அருங்காட்சியகத்தில் உள்ள ‘காங்கோ அரசி’ 1946இல் வரைந்தது. எனாமல், எண்ணெய் வண்ணம், பென்சில் மூன்றும் சேர்ந்த படம் அது, அட்டைமீது. இந்தக் கலவை தற்செயலல்ல. பென்சிலால் எல்லை குறித்து, எனாமலால் பரப்பை நிரப்பி, மெதுவாகக் காயும் எண்ணெய் வண்ணத்தை நுணுக்கமான இடங்களுக்கு வைத்துக்கொண்டால், இரண்டின் நல்ல குணமும் கிடைக்கும்.

அவர் எவ்வளவு வேலை செய்தார் என்பதை எண்ணில் பார்ப்போம். 1945 இறுதியிலிருந்து 1948 ஜூன் வரை ஏறக்குறைய 30 மாதங்கள். 250 படம் என்றால் மாதத்துக்கு 8க்குச் சற்று மேல், 600 என்றால் 20. எனாமலின் ஒரு பூச்சு நன்றாக இறுக ஒரு நாளாவது விட வேண்டும் என்பதால், இந்த வேகத்தில் ஒரே பலகையை வைத்துக்கொண்டு உட்கார முடியாது. ஒன்று காயும்போது இன்னொன்று என்று மாற்றி மாற்றித்தான் செய்திருக்க முடியும்.

பெயின்ட் எவ்வளவு ஆகும்? 61×76 சென்டிமீட்டர் பலகை ஒன்றின் பரப்பு 0.46 சதுர மீட்டர். ஒரு லிட்டர் எனாமல் ஒரு பூச்சாக 13 சதுர மீட்டர் வரை வரும் என்று கொண்டால், ஒரு பலகைக்கு ஒரு பூச்சுக்கு 36 மில்லி, இரண்டு பூச்சுக்கு 72 மில்லி. மாதம் 8 படத்துக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல். 20 படமானாலும் ஒன்றரை லிட்டர். 4×8 அடி ஹார்ட்போர்டு ஒன்றில் இந்த அளவில் 6 பலகை வெட்டலாம். மாதம் 8 படத்துக்கு ஒன்றரைத் தகடுகூட வேண்டாம். ஆகப் பொருள்செலவு ஒருவரை முழுநேர ஓவியராகாமல் தடுக்கும் அளவுக்குப் பெரிதல்ல. தடுப்பது நாள்கூலி. இன்று வரைந்தது இந்த வாரமே காசாகுமா என்பது தெரியாதவர் நாளைக்குப் பெயின்ட் அடிக்கத்தான் போவார். கலை மையம் செய்தவற்றில் மிகப் பயனுள்ளது அந்த இடைவெளியைக் குறைத்ததுதான்: கொண்டுவரும் படத்துக்கு அருகிலேயே ஒரு வாங்குமிடம்.

வெளிநாட்டுக் கண்

1945 டிசம்பரில் பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் போர்ட்-ஓ-பிரின்ஸ் வந்தார். கியூப ஓவியர் விஃப்ரெடோ லாமும் அப்போது அங்கே இருந்தார். இருவரும் கலை மையத்தில் இப்போலித்தின் படங்களைப் பார்த்து விலைக்கு வாங்கினார்கள். பிரெத்தோன் அவரைப் பற்றி எழுதவும் செய்தார். 1947இல் பாரிஸில் யுனெஸ்கோ ஏற்பாட்டில் நடந்த ஓவியக் காட்சியில் அவர் படங்கள் பெரிய கவனம் பெற்றன. மையத்துக்கு வந்து இரண்டே ஆண்டு.

இந்த வேகம் நன்மையோடு ஒரு கேட்டையும் கொண்டுவந்தது. ‘நாயீவ்’ (வெள்ளந்தி), ‘பிரிமிட்டிவ்’ (ஆதிநிலை) என்ற பெயர்கள் ஒட்டிக்கொண்டன. பெயர் ஒட்டியதும் வாங்குபவர் அந்தப் பெயருக்குத் தக்க படத்தையே கேட்பார். அடுத்த பத்தாண்டுகளில் சுற்றுலாப் பயணிகளுக்கென ஒரே சந்தைக் காட்சியையும் ஒரே காட்டையும் திரும்பத் திரும்ப வரைந்து குவிக்கும் தொழில் ஹெய்ட்டியில் வளர்ந்தது.

வேறு வழிகளில் வந்தவர்கள்

இப்போலித்தின் பாதை ஒன்றுதான் பாதை என்று நினைத்துவிடக் கூடாது. வடக்கே காப்-ஹெய்ட்டியனில் பிலோமே ஒபின் என்பவர் 1908 முதலே வரைந்துகொண்டிருந்தார். 1892இல் பிறந்தவர், இப்போலித்தைவிட இரண்டு வயது மூத்தவர். பிழைப்புக்குப் பல வேலைகள் செய்தார். கலை மையம் திறந்த செய்தி கேட்டு, 1944இல் தாமாகவே ஒரு படத்தை அனுப்பிவைத்தார். பீட்டர்ஸ் 5 டாலரும் வரைபொருள்களும் அனுப்பினார். அப்போது ஒரு டாலருக்கு ஹெய்ட்டியின் நாணயமான கூர்த் 5 என்று நிலையான மாற்று விகிதம். ஆக 25 கூர்த். தொகையைவிட, மறுமொழியோடு பொருளும் வந்ததே அவரைத் தொடரவைத்தது எனலாம். ஒபின் தலைநகருக்குக் குடிபெயரவில்லை. தம் ஊரிலேயே மையத்தின் கிளையை நடத்தி, தம்பியையும் உறவினர்களையும் மாணவர்களாக்கி, 1986 வரை வாழ்ந்தார். ஒருவரின் பெயரில் மட்டும் நிற்காமல் ஒரு பள்ளியாகவே அது நிலைத்தது.

ரிகோ பெனுவா டாக்சி ஓட்டியவர். காஸ்தெரா பாசில் பீட்டர்ஸ் வீட்டில் வேலை பார்த்தவர். இருவரும் மையத்துக்கு வெகு அருகில் இருந்ததாலேயே உள்ளே வந்தார்கள். இப்போலித்தும் அப்படி ஒருவரை அழைத்துவந்தார்: அவர் அண்டைவீட்டுச் சிறுவன் வில்சன் பிகோ, 1946இல், 15 வயதில். 1950–51இல் போர்ட்-ஓ-பிரின்ஸின் தூய திரித்துவப் பேராலயச் சுவர்களில் மையத்தின் ஓவியர்கள் விவிலியக் காட்சிகளை வரைந்தபோது, கானா ஊர்த் திருமணத்தை வரைந்தவர் பிகோ. 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்தில் பேராலயம் இடிந்தது. ஒபினின் ‘இறுதி இராவுணவு’, பாசிலின் ‘திருமுழுக்கு’, பிரேஃபெத் துஃபோவின் ஊர்வலக் காட்சி ஆகிய மூன்று சுவரோவியங்களே எஞ்சின. பிகோவின் சுவர் போய்விட்டது.

பழுதும் போலியும்

இப்போலித்தின் படங்களைப் பாதுகாப்பவர்கள் சந்திக்கும் சிக்கல்கள் பெரும்பாலும் அட்டையிலிருந்தே தொடங்குகின்றன. தளப்பூச்சு இல்லாத அட்டை வண்ணத்திலுள்ள எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். மேலே நிற்கும் நிறம் பிடிப்பில்லாமல் பொடியாகும். உள்ளே போன எண்ணெய் காலப்போக்கில் நாரையே பொடிந்துபோகச் செய்யும். ஒரு பக்கம் மட்டும் பூச்சு இருப்பதால் ஈரக்காற்றில் அட்டை வளையும். வளைந்ததை அழுத்தி நேராக்க முயன்றால் எனாமல் விரிசல் விட்டுச் செதில்செதிலாகப் பெயரும். ஹார்ட்போர்டில் மூலைகளும் விளிம்புகளும் முதலில் ஊதும்.

இதே பொருளில் இன்று வரைய விரும்புவோர் 3 மில்லிமீட்டர் ஹார்ட்போர்டை 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, முன்புறம், பின்புறம், நான்கு விளிம்பு எல்லாவற்றிலும் பிரைமர் இரண்டு கை பூசி, இரண்டு நாள் காயவிட்டுத் தொடங்கினால் இவற்றில் பெரும்பகுதி வராது. எனாமலைத் தடிப்பாக ஊற்றினால் மேலேடு முதலில் இறுகி, கீழே ஈரம் நின்று சுருங்கும். மெல்லிய பூச்சு இரண்டு என்பதே பாதுகாப்பு. பழைய டப்பா எங்காவது கிடைத்தால் அதில் விரல் வைக்க வேண்டாம், அந்தக் காலத்து எனாமல்களில் ஈயம் பரவலாக இருந்தது.

போலிகளின் சிக்கல் தனி. குறுகிய காலத்தில் நிறைய வரைந்தவர், சாதாரணப் பெயின்டையும் அட்டையையும் பயன்படுத்தியவர், எண்ணிக்கையே 250க்கும் 600க்கும் இடையில் ஊசலாடுபவர். போலி செய்பவருக்கு இதைவிட வசதி கிடைக்காது. கையெழுத்தை நம்பக் கூடாது. நீரில் கரையும் அக்ரிலிக் ஓவிய வண்ணம் 1950களின் நடுவில்தான் கடைக்கு வந்தது. 1948இல் இறந்தவரின் படத்தில் அது இருந்தால் அந்த இடமாவது பின்னால் பூசப்பட்டது. தாளையும் அட்டையையும் வெளுப்பாகக் காட்டும் ஒளிர்பொருள்கள் 1950 வாக்கில்தான் தாள் தொழிலில் பரவின. புற ஊதா விளக்கில் அட்டை நீலமாக மின்னினால் சந்தேகப்பட வேண்டும். இவை இரண்டும் போலியைக் காட்டிக்கொடுக்கும் சோதனைகளே, அசல் என்று நிரூபிக்க உதவாது. அதற்கு, 1945க்கும் 1948க்கும் இடையில் அந்தப் படம் மையத்திலிருந்து யார் கைக்குப் போனது, அங்கிருந்து யாரிடம் வந்தது என்ற தொடர்ச்சியை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.